இரண்டு லொறி மண்

மரவள்ளிக் கிழங்கை, அதில் மண் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து வாங்குகிற ஒருவரை என் வாழ்நாளில் நான் கண்டது அவரை மட்டும்தான்.

எங்கள் ஊர்ச் சந்தைக்குக் கோப்பாய், புத்தூர்ப் பக்கமிருந்து கிழங்கு வரும். மற்றப் பெண்கள் தட்டித் துடைத்து அடுக்கியிருந்த குவியலுக்குப் போக, மாமி சாக்கின் அடியில் கிடக்கிற அழுக்குக் கிழங்குகளாகப் பொறுக்குவார். கொடிகாமத்துக் கிழங்கைத் தொடமாட்டார். அது வெள்ளை மணலில் விளைந்தது.

"உதிலை அரைவாசி மண்ணல்லோ, தங்கச்சி," என்று விற்கிறவரே ஒருநாள் வெட்கப்பட்டுச் சொன்னார்.

"அது பரவாயில்லை. நிறுங்கோ."

வீட்டுக்கு வந்ததும் கிழங்கை ஒரு சட்டிக்குள் போட்டுக் கழுவுவார். அந்தக் கலங்கல் தண்ணீரை அடைய விட்டு, மேல் தண்ணீரை மெதுவாக வடித்து, அடியில் தங்கிய செம்மண்ணை விரலால் வழித்து ஒரு பால்மாத் தகர ரின்னுக்குள் போடுவார். ஒரு ரின் நிரம்ப ஆறு மாதமாவது செல்லும். நிரம்பினால் அதில் ஒரு மிளகாய்க் கன்று. நான் அறிய அவரிடம் அப்படி நான்கு ரின்கள் இருந்தன.

அவர் எனக்குச் சொந்த மாமி அல்ல. என் அப்பாவுக்கு இரண்டு வள்ளங்கள் இருந்தன. அவற்றில் ஒன்றில் தொழிலுக்குப் போன ஒருவரின் மனைவி அவர். வள்ளத்தில் போகிறவர்களின் மனைவிமார் எல்லாருமே எனக்கு மாமிதான். ஆனால் மற்ற மாமிமார் எங்கள் ஊரிலேயே பிறந்தவர்கள். இவர் உரும்பிராயிலிருந்து வந்தவர். வந்தவர் என்றால், ஐம்பத்தேழோ ஐம்பத்தெட்டோ, ஒரு காலைநேரம் சைக்கிளின் பின்னால் மீன்பெட்டி கட்டுகிற இடத்தில் ஏறி இருந்து வந்தவர். மாமா அந்த நாட்களில் கடலில்லாத உள் ஊர்களுக்கு மீன் கொண்டுபோய் விற்றவர். உரும்பிராயில் தோட்டக்காணிகள் உள்ள ஒரு வீட்டின் வேலிப் படலையில் நின்று மீன் கொடுத்தவர், அந்த வீட்டுப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவர்களுடைய ஆட்கள் வேறு, எங்கள் ஆட்கள் வேறு. மாமியின் தகப்பனார் அன்றைக்கே தலைமுழுகிவிட்டு, "எனக்கு ஒரு பெடியன்தான்," என்று ஊருக்குச் சொல்லிவிட்டாராம்.

எங்கள் ஊர் வடகரையில் இருக்கிறது. தெருவிலிருந்து கடலுக்குப் போகிற ஒடுங்கிய சந்துதான் எங்கள் ஒழுங்கை; நூற்றைம்பது அடி நீளம் இருக்காது. அதற்குள் நாற்பது வீடுகள். ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் நான்கு வீட்டில் தும்முவார்கள். கீழே கல்லும் உப்பு மணலும். எங்கள் வீட்டில் இரண்டு அறைகளில் ஒன்பது பேர் இருந்தோம். நான் எட்டாம் வகுப்புச் சோதனைக்குப் படித்தது பெட்டகத்தின் மேல் ஏறி இருந்துதான். கால் நீட்ட வேறு இடம் இல்லை.

மாமியின் நிலைமை அதைவிட மோசம். மாமாவின் தாயாரும் கலியாணம் முடித்த இரண்டு சகோதரர்களும் ஒரு சகோதரியும் ஒரே வளவில். மாமிக்கு ஒரு அறை. அறையின் பக்கத்தில் கிடுகால் சாய்த்து இறக்கிய ஒரு பத்தி. அது குசினி. அறைகளுக்கு நடுவே தண்ணீர்க்குடத்தோடு போகிறவர்கள் பக்கவாட்டாகத் திரும்பித்தான் நடக்க வேண்டும்.

அந்த நடைபாதையின் ஓரத்தில், சுவரோடு ஒட்டி, மாமி ஒருமுறை ஒரு முருங்கைத் தடியை ஊன்றினார். அது துளிர்த்து மூன்று இலைக்காம்பு விட்ட பிறகு மச்சாள்காரி ஒருநாள் பிடுங்கிப் போட்டுவிட்டாள். "வேர் சுவருக்குள்ளை போகும். சுவர் வெடிச்சா ஆர் கட்டுறது?" என்றாள். அவள் கேட்டதும் பிழையில்லை. மாமி சண்டை பிடிக்கவில்லை. தடியை எடுத்து அடியைத் திருப்பி எனக்குக் காட்டினார். "பார் பிள்ளை, வேர் விட்டிட்டுது," என்றார். வெள்ளை நூல்போல மூன்றோ நான்கோ வேர்கள். பிறகு அதை முழங்காலில் வைத்து முறித்து, வெயிலில் போட்டு, காய்ந்த பிறகு அடுப்புக்குள் வைத்துச் சோறு சமைத்தார்.

அவர் கோபித்து நான் கண்டதில்லை. ஆனால் வாய் இருந்தது. நான் சின்னப்பிள்ளையாக ஒழுங்கையில் ஓடி விழுந்து முழங்கால் உரிந்து அழுதபோது தூக்கிவிட்டுச் சொன்னார்: "உங்கடை ஊரிலை விழுந்தா அடிபடும். எங்கடை ஊரிலை விழுந்தா முளைக்கும்." இதை அவர் அடிக்கடி சொல்லுவார். சொல்லும்போது சிரிக்கமாட்டார்.

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால்தான் மண் பைத்தியம் பிடித்திருக்கிறது என்று ஒழுங்கையில் முடிவு செய்திருந்தார்கள். என் அம்மாவே ஒருமுறை அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். "பிள்ளையள் இருந்தாலும் நடுவன், அக்கா," என்றார் மாமி. "அதுகளுக்கும் தின்னக் குடுக்கலாம்."

எனக்குப் பதினான்கு வயதாக இருக்கும்போது அவருடைய தமையன் வந்தார்.

பட்டப்பகலில் ஒரு கார் வந்து தெருவில் நின்றது. ஒழுங்கைக்குள் கார் வராது. வெள்ளை வேட்டி கட்டின ஒருவரும் தோல்பையோடு காணி உறுதி எழுதுகிற ஒரு நொத்தாரிசும் இறங்கி நடந்து வந்தார்கள். ஒழுங்கை முழுவதும் வாசலுக்கு வந்துவிட்டது. தமையன் மாமியின் வீட்டுக்குள் போகவில்லை. அப்பா, "இஞ்சை வந்து இருந்து கதையுங்கோ," என்று எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தார். எங்கள் வீட்டில் ஒரு மேசை இருந்தது. அதுவும் ஒரு காரணம். மாமி ஈரக்கையோடு வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எட்டு வருடத்துக்குப் பிறகு கண்ட தமையனை அவர் நலம் விசாரிக்கவில்லை.

"அய்யா மோசம் போனது தெரியுந்தானே?" என்றார் தமையன்.

"தெரியும். செத்தவீடு முடிஞ்சு எட்டாம் நாள் ஆரோ சொல்லித் தெரியும்."

தமையன் நொத்தாரிசைப் பார்த்தார். நொத்தாரிசு தொண்டையைச் செருமிக்கொண்டு, சீதனம் வாங்காமல் போன பிள்ளை என்றபடியால் தகப்பனுடைய தோட்டத்தில் அவருக்கும் பங்கு வரும் என்றும், நான்கு பரப்பு, அதாவது கால் ஏக்கர், வரும் என்றும், அதைத் தமையனுக்கு விட்டுக்கொடுத்துக் கையெழுத்து வைத்தால் பின்னால் கரைச்சல் இராது என்றும் சொன்னார்.

நாலு பரப்பு! எங்கள் ஒழுங்கையை முழுதாகத் தூக்கி அதற்குள் வைக்கலாம்.

"நான் விட்டுக் குடுக்காட்டி?" என்றார் மாமி.

"குடுக்காட்டி வந்து தோட்டஞ் செய்," என்றார் தமையன். "ஆர் வேண்டாமெண்டது? ஆனா உன்ரை மனுசன் அந்தப் படலைக்குள்ளை கால் வைக்கேலாது. நான் உயிரோடை இருக்குமட்டும் நடவாது."

மாமி சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தார். துடைத்த கையையே திரும்பவும் துடைத்தார்.

"அவர் கால் வைக்கேலாத காணி எனக்கென்னத்துக்கு?" என்றார். "எங்கை, காட்டுங்கோ. கையெழுத்து வைக்கிறன். ஆனா ரண்டு லொறி மண் அனுப்பவேணும்."

"என்ன?"

"மண். கிணத்தடித் தறையிலை மேல்மண்ணா வெட்டி அனுப்பு. தெற்கு வேலிப் பக்கம் வேண்டாம். அது கல்லு."

தமையன் சிரித்தார். நொத்தாரிசும் சிரித்தார். அப்பாகூடச் சிரித்துவிட்டு, "உதை எங்கை கொட்டப் போறாய், தங்கச்சி?" என்று கேட்டார். அப்போதுதான் மாமி அதைப்பற்றி யோசித்தார் என்று நினைக்கிறேன். அவருடைய முகம் மாறிய விதத்தைப் பார்த்து அப்பாவே சொன்னார்: "சரி, எங்கடை வெறுங்காணியிலை கொட்டட்டும். வலை காயப்போடுற இடந்தானே. சும்மாதான் கிடக்கு."

எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே கிடந்த துண்டு அது. ஒழுங்கையில் கட்டடம் இல்லாமல் மிஞ்சிக் கிடந்த ஒரே துண்டு.

லொறி வந்து தெருவில் கொட்டியது. அங்கிருந்து மாமி ஓலைக் கடகத்தில் சுமந்தார். மாமா கடல்தொழிலால் வந்து படுக்காமல் சாக்கில் சுமந்தார். நான்கு நாள். ஒழுங்கை முழுக்கச் சிவப்பாகிவிட்டது. ஐந்தாம் நாள் தெருவைத் தும்புத்தடியால் கூட்டி, அந்தத் தூளையும் மாமி விடாமல் அள்ளினார்.

அப்பா ஒரு நிபந்தனை போட்டார். "நிண்டு காய்க்கிற மரம் ஒண்டும் வைக்கப்படாது." மரம் வைத்தால் பின்னால் காணியில் உரிமை கேட்கலாம் என்று எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் ஒரு பயம். மாமி தலையாட்டினார். ஏழு வருடமும் அந்தச் சொல்லை மீறவில்லை. கத்தரி, வெண்டி, பயிற்றை, பசளி, மிளகாய், இரண்டு வரிசை வெங்காயம். ஒரு பப்பாசிக் கன்று தானாக முளைத்தபோது, "அண்ணை, இது மரமோ?" என்று அப்பாவிடம் வந்து கேட்டுவிட்டு, அப்பா யோசிப்பதைக் கண்டு தானே போய்ப் பிடுங்கினார்.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் உவர். கோயிலடிக் கிணற்றில் மட்டும்தான் நல்ல தண்ணீர். அங்கிருந்து நாளைக்கு இருபது குடம். மாமாவும் சுமப்பார். "கடலுக்குப் போறவன் கத்தரிக்குத் தண்ணி ஊத்துறான்," என்று வள்ளத்தில் பகிடி பண்ணுவார்களாம். மாமியின் கத்தரிக்காய் சமைக்காத வீடு எங்கள் ஒழுங்கையில் இருந்ததில்லை. அவர் ஒரு காயைக்கூட விற்றதில்லை. முருங்கையைப் பிடுங்கிய மச்சாள்காரிக்கும் போகும். முதல் காய் எனக்கு. "பிள்ளை படிக்கிறது, பச்சையாக் கடி," என்று வெண்டிப் பிஞ்சைத் தருவார். நான் அந்தத் தோட்டத்தின் ஓரத்தில் சாக்கு விரித்து இருந்து படித்துத்தான் ஆசிரியர் கலாசாலைக்கு எடுபட்டேன். கால் நீட்டி இருந்து படித்தேன்.

பிறகு எனக்குக் கலியாணம் பேசினார்கள்.

மாப்பிள்ளை அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். அவர்கள் வீடு கேட்டார்கள். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுப்பது வழக்கம்தான். ஒன்பது பேர் இருக்கிற வீட்டில் ஒரு மூலையைக் காட்டி இது மகளுக்கு என்று சொல்ல முடியாது. அப்பாவிடம் இருந்த வேறு நிலம் அந்தத் துண்டு மட்டும்தான்.

அப்பா நல்ல மனிதர். மாமாவிடம் சொல்லிவிட்டு இருந்திருக்கலாம். அப்படிச் செய்யாமல் மாமியையே கூப்பிட்டுச் சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"தங்கச்சி, பிள்ளைக்குச் சம்பந்தம் சரிவந்திருக்கு."

"ஓம் அண்ணை, அக்கா சொன்னவ. நல்ல விசயம்."

"வீடொண்டு கட்டவேணும். எனக்கு வேறை காணியில்லை."

மாமி உடனே விளங்கிக்கொண்டார். "எப்ப தொடங்கிறியள்?"

"தை பிறந்த கையோடை."

"மிளகாய் இப்பதான் பூக்குது, அண்ணை. மாசி முடியுமட்டும்…"

"அத்திவாரத்துக்கு நாள் வைச்சாச்சு, தங்கச்சி."

"அப்ப மண்ணையெண்டாலும் நான் அள்ளிக்கொண்டு போறன்."

"எங்கை கொண்டுபோய்ப் போடப் போறாய்?" என்றார் அப்பா. அவர் அதைக் குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார். மாமி நான்கு பக்கமும் திரும்பிப் பார்த்ததைக் கதவு இடுக்கால் கண்டேன். எந்தப் பக்கம் பார்த்தாலும் யாருடையதோ கூரைதான்.

நான் வெளியே போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மாசி மட்டும் பொறுக்கலாம் என்றாவது சொல்லியிருக்கலாம். எனக்கு இருபத்திரண்டு வயது. அதுவரை தனியாகக் கதவைச் சாத்திக்கொண்டு உடுப்பு மாற்றியதில்லை. அந்த இடத்தில் கதவுள்ள ஒரு அறை வரப்போகிறது என்பதைத் தவிர அந்த நேரத்தில் வேறொன்றும் எனக்குள் இல்லை. நான் கதவுக்குப் பின்னாலேயே நின்றேன்.

அத்திவாரம் வெட்டிய அன்று மாமி பூத்த மிளகாய்க் கன்றுகளைத் தானே பிடுங்கி ஓரமாகப் போட்டார். மேசன் மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்து, "நிலம் நிரவ வேறை மண் எடுக்கத் தேவையில்லை, உதே காணும்," என்றான். கிணற்றடித் தறை மண் முழுதும் என் வீட்டு அறைகளின் கீழே போனது. மேலே சீமெந்து. இரண்டு மாரி போவதற்குள் நடு அறையில் நிலம் தாழ்ந்து, சுவரோரமாக வெடித்தது. வேறொரு மேசனைக் கூட்டிவந்து காட்டினோம். "தோட்டத்து மண்ணை ஆரும் அத்திவாரத்துக்குப் போடுவினமே?" என்று அவன் அப்பாவைத்தான் ஏசினான். இன்றைக்கும் அந்த அறையில் கட்டில் ஒரு பக்கம் சாய்ந்துதான் நிற்கிறது.

வீடு குடிபூரலுக்கு மாமி வந்தார். விடியவே வந்து மற்றப் பெண்களோடு தேங்காய் துருவினார், பாத்திரம் கழுவினார். எல்லா அறைகளையும் அம்மா கூட்டிக்கொண்டு போய்க் காட்டியபோது பின்னால் போய்ப் பார்த்தார். நடு அறையில் நின்று நிலத்தைப் பார்த்தார். "நல்ல வீடு," என்றார். போகும்போது என்னிடம், "வாறன், ரீச்சர்," என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கு முந்திய நாள்வரை நான் அவருக்குப் பிள்ளை. அதன்பிறகு ஒருநாளும் அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வரவில்லை. எதிரே கண்டால், "ரீச்சர், பள்ளிக்கூடமோ?" என்பார். நானும் "ஓம், மாமி," என்பேன். மரியாதையாகத்தான் கதைத்தோம்.

சில வருடம் கழித்து மாமா நெஞ்சு நோ என்று படுத்து மூன்றாம் நாள் போய்விட்டார். செத்தவீட்டுக்குத் தமையன் வந்தார். அப்போது வெங்காயமும் மிளகாயும் பொன்னாக விற்ற காலம். உரும்பிராயில் அவர் மாடிவீடு கட்டியிருந்தார். ஒழுங்கையில் நின்றபடியே, "சரி, நடந்தது நடந்துபோச்சு. இனி நீ வீட்டை வரலாம்," என்றார்.

"அவர் இருக்கேக்கை கூப்பிட்டிருக்கலாம், அண்ணை," என்றார் மாமி.

தமையன் திரும்பிப் போய்விட்டார். அதோடு அது முடிந்தது.

மாமாவின் சகோதரர் மகனுக்குக் கலியாணமாகி இடம் போதாமல் வந்தபோது, தனி மனுசிக்கு அறை எதற்கு என்று கேட்டு அந்த அறையையும் எடுத்துக்கொண்டார்கள். மாமி குசினிப் பத்திக்குள் பாயைப் போட்டார். அங்கே அடுப்புக்கும் பாய்க்கும் நடுவே ஒரு முழம். ரின்களை வைக்க இடமில்லை. மதிற்கட்டில் வைத்தார். பிள்ளைகள் பந்தடித்து ஒவ்வொன்றாக விழுத்தின.

பிறகு சில மாதங்களாக அவர் காலை முதல் பஸ்ஸில் எங்கோ போய்ப் பின்னேரம் வருகிறார் என்று கதை வந்தது. கேட்டவர்களுக்குக் "கோயிலுக்கு" என்று சொன்னாராம். யாரும் துருவிக் கேட்கவில்லை. அவர் இல்லாத நேரம் பத்திக்குள் விறகு அடுக்கலாம் என்று மச்சாள்காரிக்குச் சந்தோசம்.

அந்த வருடம் எனக்கு உரும்பிராய்ப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் கிடைத்திருந்தது. தவணை முடிந்த நாள் பள்ளிக்கூடம் வேளைக்கே விட்டதால், என்னோடு படிப்பித்த ஒரு ரீச்சர் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் கரைப்பக்கத்துப் பெண் என்று அவருக்குத் தெரியும். படிப்பிக்கிறவள் என்றபடியால் விறாந்தையில் கதிரை போட்டு, கண்ணாடிக் கிளாசில் தேத்தண்ணி தந்தார். சுற்றிவரப் பெரிய வளவு. பின்பக்கம் கண்ணெட்டிய தூரத்துக்கு வெங்காயத் தறைகள்.

பத்துப் பதினொரு மணி இருக்கும். தறையில் புல்லுப் பிடுங்கிய பெண்கள் தேத்தண்ணிக்காக மாட்டுக் கொட்டிலடிக்கு வந்தார்கள். ரீச்சருடைய தாயார் கொட்டில் கூரையில் செருகியிருந்த தகரப் பேணிகளை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கேத்தலைத் தூக்கி எட்ட நின்று வார்த்தார். ஐந்து பேர் குந்தியிருந்தார்கள். மூன்றாவது ஆள் மாமி.

தலையில் ஒரு பழந்துணி. கணுக்கால்வரை செம்மண். கைகளிலும் நகக்கண்களிலும் செம்மண். அவருடைய தமையன் வீடு அங்கிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி. கூலிக்கு வருகிறவர்களின் முகத்தை அந்த ஊரில் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அது அவருக்கு வசதியாக இருந்திருக்கும்.

அவர் என்னைக் கண்டுவிட்டார். பேணியை வாய்க்குக் கொண்டுபோன கை அப்படியே நின்றது. பிறகு தலையை மெல்ல, இல்லை என்று, ஒரு முறை அசைத்தார்.

"என்ன ரீச்சர், தெரிஞ்ச ஆளோ?" என்றார் என் பக்கத்தில் இருந்தவர்.

"இல்லை," என்றேன்.

"அந்த வயசுபோன மனுசியைத்தானே பாக்கிறியள்? எங்கையோ கரைப்பக்கத்திலை இருந்து வாறவ. அங்கத்தை ஆக்களுக்கு என்ன தெரியப்போகுதெண்டு அம்மா முதல் வேண்டாமெண்டவ. ஆனா மண் தெரிஞ்ச மனுசி. எங்கை பழகினதோ."

மாமி குடித்து முடித்தார். பேணியைக் கழுவி, தானே கூரையில் செருகிவிட்டு, மற்றப் பெண்கள் எழும்புவதற்கு முன்னமே தறைக்குள் இறங்கிப் போனார். நான் என் கிளாசில் மிச்சமிருந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, பிள்ளைகள் சோதனையில் எடுத்த புள்ளிகளைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினேன்.